ஒரு வீட்டில் நான்கு பேனாக்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

விக்டோரியா மகாராணியார் ஆட்சி புரிந்த காலத்தை (1837–1901) ஆங்கில நாவலின் பொற்காலம் என்று கூறுவர். டிக்கன்ஸ், தாக்கரே, ஜார்ஜ் எலியட் ஆகியோர் எழுதிக் குவித்த காலம் அது. உடன்பிறந்தோர் சேர்ந்து எழுத்துத் துறையில் இறங்கியதும் அக்காலத்தில் உண்டு. ரோசெட்டி குடும்பத்தில் அண்ணன் தாந்தே கேப்ரியல் ஓவியராகவும் கவிஞராகவும், தங்கை கிறிஸ்டினா கவிஞராகவும் புகழ் பெற்றனர். ஆனால் 1847-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததற்கு ஈடாக ஒன்றை நான் படித்ததில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ‘ஜேன் அயர்’ வெளிவந்தது. டிசம்பரில் ‘வுதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ என்னும் இரண்டும் ஒன்றாக வெளிவந்தன. மூன்று நாவல்கள், மூன்று ஆசிரியர்கள், வீடு ஒன்றே. அவர்களே பிராண்டே சகோதரிகள்.

இவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சார்லட், எமிலி, ஆன் என்னும் மூவரோடு நிறுத்திக்கொள்வர். அவர்களோடு பிறந்த ஆண்மகன் ஒருவன் உண்டு. அவனும் எழுதினான், நால்வரில் முதலில் அச்சேறியது அவன் கவிதையே. தந்தையும் நூல் எழுதியவர். அந்த வீட்டில் யாருக்காகப் பணம் செலவாயிற்று, யார் எவ்வளவு ஈட்டினார், யார்மேல் நம்பிக்கை வைக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. இலக்கிய நயங்களை எடுத்துரைக்க ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வேதியியல் படிக்கும் எனக்கு எண்கள்தாம் கைக்கு எட்டுவன. ஆகவே கணக்கின் வழியாகவே இந்தக் குடும்பத்தை அணுகுகிறேன்.

முதல் பட்டதாரி

தந்தை பாட்ரிக் 1777-இல் அயர்லாந்து நாட்டின் டவுண் மாவட்டத்தில், ஏழை உழவர் ஒருவரின் பத்துப் பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். கொல்லனிடம் வேலை பழகினார். பிறகு தறியில் அமர்ந்தார். கற்ற கொஞ்சத்தைக் கொண்டே பதினாறாம் வயதில் பள்ளி ஆசிரியரானார். குருவானவர் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு, தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையை அவருக்குக் கொடுத்து, மேற்படிப்புக்கும் வழிகாட்டினார். 1802-இல், இருபத்தைந்து வயதில், கேம்பிரிட்ஜ் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியில் ‘சைசர்’ என்னும் கட்டணச் சலுகை பெற்ற மாணவராகச் சேர்ந்தார். 1806-இல் பட்டம் பெற்றார். தறியிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை அவரே நடந்து போட்ட பாதை அது.

அயர்லாந்தில் குடும்பத்தின் பெயர் ‘பிரண்டி’ என்பது போல ஏதோ ஒன்று. கேம்பிரிட்ஜில் அது ‘பிராண்டே’ ஆயிற்று. பின்னாளில் கடைசி எழுத்தின்மேல் இரண்டு புள்ளிகளும் ஏறின. மேலே ஏறியவன் தன் பெயரைச் சற்றுத் துலக்கிக்கொள்வது எல்லா நாட்டிலும் உள்ளதுதான் போலும்! லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சகோதரிகளுக்காக 1939-இல் அமைத்த நினைவுக் கல்லில் அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டார்கள். 2024 செப்டம்பரில்தான் அவற்றைச் செதுக்கிச் சேர்த்தார்கள்.

பாட்ரிக் குருவானவர் 1820-இல் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவர்த் என்னும் ஊருக்கு வந்தார். கம்பளி நெசவும் ஆலைகளும் நிறைந்த மலையூர் அது. ஊருக்குப் பின்னே மரமற்ற மேட்டுநிலம், காற்று, புதர்ச்செடி. வீட்டுக்கு முன்னே கல்லறைத் தோட்டம். அவர் குடியிருந்த குருமனை பதவிக்கு உரிய வீடு, அவருக்குச் சொந்தமானதன்று. அவர் கண் மூடினால் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1821-இல் அவர் மனைவி மரியா நோயுற்று இறந்தார். ஆறு குழந்தைகள். மூத்தவளுக்கு ஏழு வயது. கடைக்குட்டி ஆனுக்கு இரண்டு நிறையவில்லை. தாயின் தமக்கை எலிசபெத் பிரான்வெல், நம் வழக்கில் சொன்னால் பெரியம்மா, தெற்கே கடலோரப் பென்சான்ஸ் ஊரை விட்டு வந்து இவர்களை வளர்த்தார். அவருக்கென்று ஆண்டுக்கு 50 பவுன் சொந்த வருமானம் இருந்தது. அந்தப் பணத்தை மறந்துவிட்டு ஆங்கில இலக்கிய வரலாறு எழுத முடியாது என்பதைப் பின்னால் காண்போம்.

பவுன் என்றதும் நகைக்கடை நினைவு வரலாம். தவறில்லை. அன்றைய இங்கிலாந்தின் ஒரு பவுன் நாணயம் ஏறத்தாழ எட்டுக் கிராம் எடையுள்ள தங்கக் காசு. நம் வீடுகளில் ‘பவுன்’ என்றும் ‘சவரன்’ என்றும் வழங்குவது அதன் வழி வந்த பெயரே. இனி வரும் தொகைகளை அந்த அளவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஹாவர்த்தின் நிலை எப்படி இருந்தது? கணிப்பொறிக்கு வித்திட்ட சார்லஸ் பாபேஜின் மகன் பெஞ்சமின் பாபேஜ், அரசின் சார்பில் அவ்வூரின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1850-இல் ஓர் அறிக்கை தந்தார். ஊராரின் சராசரி இறப்பு வயது 25.8. பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 41-க்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே இறந்தன. கழிவுநீர் தெருவில் ஓடியது, குடிநீர் கெட்டிருந்தது. அந்த ஆய்வாளரை அனுப்பும்படி அரசுக்கு மனுச் செய்தவர்களுள் முதன்மையானவர் பாட்ரிக் குருவானவரே. ஆறு பிள்ளைகளைப் பெற்றவரல்லவா!

பதினான்கு பவுன் பள்ளி

1824-இல் ஏழைக் குருமார்களின் பெண்களுக்கென்று கோவன் பிரிட்ஜ் என்னுமிடத்தில் ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். கட்டணம் ஆண்டுக்கு 14 பவுன். மலிவு என்று எண்ணிப் பாட்ரிக் நான்கு பெண்களை அங்கே சேர்த்தார். குளிர், கெட்ட உணவு, கடுமையான ஒழுங்கு. மூத்தவள் மரியா காசநோயோடு வீடு திரும்பி 1825 மே மாதம் இறந்தாள், வயது பதினொன்று. அடுத்தவள் எலிசபெத் ஜூன் மாதம் இறந்தாள், வயது பத்து. சார்லட்டையும் எமிலியையும் தந்தை அழைத்து வந்தார்.

‘ஜேன் அயர்’ நாவலில் வரும் லோவுட் பள்ளி இதுவே. அங்கே பொறுமையே வடிவாய் வாழ்ந்து ஜேனின் அணைப்பில் உயிர்விடும் ஹெலன் பர்ன்ஸ் என்னும் சிறுமி, சார்லட்டின் அக்காள் மரியா. தன் ஒன்பதாம் வயதில் கண்டதைச் சார்லட் முப்பதாம் வயதில் எழுதினார். நாவலின் அந்தப் பகுதியை விடுதியில் வளர்ந்த எவரும் எளிதில் கடந்துவிட முடியாது. கஞ்சி தீய்ந்துபோன காலைப் பொழுதை அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எங்கள் விடுதி நண்பர் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துச் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பொம்மைகள்

1826 ஜூன் மாதம் தந்தை லீட்ஸ் நகரிலிருந்து மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்ப் பொம்மைகள் வாங்கி வந்தார். பையன் அவற்றைத் தமக்கை தங்கையரிடம் கொண்டு ஓடினான். ஆளுக்கு ஒன்றை எடுத்துப் பெயரிட்டனர். சார்லட்டின் பொம்மை வெலிங்டன் பிரபு, பிரான்வெல்லினது நெப்போலியன். அன்று தொடங்கிய விளையாட்டு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொம்மைகளுக்கு ஒரு நகரம், நகரத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு அரசியல், போர், செய்தித்தாள், கவிஞர்கள், அவர்களைத் தாக்கும் விமர்சகர்கள்! சார்லட்டும் பிரான்வெல்லும் ‘ஆங்கிரியா’ என்ற நாட்டைப் படைத்தனர். எமிலியும் ஆனும் தனியே பிரிந்து ‘கோண்டல்’ என்ற தீவைப் படைத்தனர்.

பொம்மைகள் படிப்பதற்கேற்ற அளவில் நூல்களும் செய்தனர். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவு. அச்செழுத்தைப் போலவே நுணுக்கிய கையெழுத்து. கிடைத்த காகிதத் துண்டுகளைத் தைத்து, அட்டை போட்டு, முகப்பில் விலையும் போட்டார்கள். பதினான்கு வயதில் சார்லட் இப்படிச் செய்த இதழ் ஒன்று 2019-இல் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தபோது, பிராண்டே கழகத்தார் ஆறு லட்சம் யூரோ கொடுத்து மீட்டனர்.

அந்தச் சிறு நூல்களில் நான் காண்பது வேறொன்று. கோவன் பிரிட்ஜுக்குப் பின் பல ஆண்டுகள் இவர்களுக்குப் பள்ளியே இல்லை. வீட்டில் தந்தையின் புத்தகங்கள் இருந்தன. பத்திரிகைகள் வந்தன. பைரன் கவிதை பெண்களுக்கு ஆகாது என்று அலமாரியைப் பூட்டும் வழக்கம் அந்தக் குருமனையில் இல்லை. சமையற்கட்டில் தாபிதா என்னும் கிழப் பணிப்பெண் ஊர்க்கதைகளைச் சொன்னார். எழுதியதைக் கேட்க மூன்று பேர் எப்போதும் இருந்தனர். எழுதப் பழகுபவனுக்கு இதைவிட நல்ல கல்லூரி எது? நம்மில் பலர் எழுதிய கவிதையைப் படித்துக் காட்ட ஆளில்லாமல் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

ஆண்பிள்ளையின் செலவு

பிரான்வெல் ஒரே மகன். செந்நிறத் தலைமயிர், ஓயாத பேச்சு, இரண்டு கையாலும் எழுதும் திறமை. அவனைத் தந்தை வெளியே அனுப்பாமல் தாமே அமர்ந்து லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். ஓவியம் கற்க லீட்ஸ் நகர ஓவியர் ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்தினார். லண்டன் ராயல் அகாடமிக்கே அனுப்புவது என்று 1835-இல் வீட்டில் பேச்சு நடந்தது. அதே 1835-இல் பத்தொன்பது வயதுச் சார்லட், தாம் படித்த ரோஹெட் பள்ளிக்கே ஆசிரியையாக வேலைக்குப் போனார். அந்த வேலைக்கு ஈடாக முதலில் எமிலிக்கும், எமிலி வீட்டு ஏக்கத்தால் நோயுற்றுத் திரும்பியபின் ஆனுக்கும் அங்கே படிக்க இடம் கிடைத்தது. அக்காள் உழைக்க, தங்கை படித்தாள். தம்பியைப் பற்றிய கனவு அப்படியே இருந்தது.

1836-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1837-இன் தொடக்கத்திலுமாக அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பெரிய கவிஞருக்குக் கடிதம் எழுதினர். பிரான்வெல் வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதினான், பதில் வரவில்லை. சார்லட் அரசவைக் கவிஞர் சதேக்கு எழுதினார், பதில் வந்தது. கவிதை வரும், ஆனால் இலக்கியம் பெண்ணின் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்பது அதன் கருத்து. சார்லட் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார். எழுதுவதை நிறுத்தவில்லை.

பெண்களுக்குத் திறந்திருந்த வேலை ஒன்றே ஒன்று: கவர்னஸ் என்னும் வீட்டு ஆசிரியை வேலை. செல்வர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். இரவில் அவர்கள் துணியையும் தைக்க வேண்டும். வேலைக்காரரோடும் சேர முடியாது, வீட்டாரோடும் சேர முடியாது. 1841-இல் சார்லட்டுக்கு இவ்வேலையில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம். துணி வெளுக்கப் பிடித்தது போக ஏறத்தாழ 16. கோவன் பிரிட்ஜில் ஒரு குழந்தையின் கட்டணத்தைவிட இரண்டு பவுன் அதிகம்! எமிலி ஹாலிஃபாக்ஸ் அருகே ஒரு பள்ளியில் காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை உழைத்ததாகச் சார்லட் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்களைவிட இந்த வீட்டு நாய் மேல் என்று அவர் மாணவிகளிடமே சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆன் மட்டுமே பொறுமையாக நின்று தார்ப் கிரீன் என்னுமிடத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தார். சம்பளம் 40 பவுன்.

பிரான்வெல்? பிராட்ஃபோர்டில் ஓவியக்கூடம் வைத்தான், நடக்கவில்லை. புதிதாகப் போட்ட இரயில்பாதையில் எழுத்தராகச் சேர்ந்தான். லட்டண்டன் ஃபுட் என்னும் சிறு நிலையத்தில் அவன் சம்பளம் 130 பவுன். மூன்று தமக்கை தங்கையரும் கூட்டிச் சேர்த்தாலும் எட்ட முடியாத தொகை. அந்நாட்களில்தான் ஹாலிஃபாக்ஸ் பத்திரிகையில் அவன் கவிதைகள் வெளிவரத் தொடங்கின (1841). ஆனால் கணக்கில் 11 பவுனுக்குச் சற்று மேல் குறைந்ததால் 1842-இல் வேலை போயிற்று. அவன் எடுக்கவில்லை, கவனிக்கவில்லை என்பதே குற்றம். பிறகு ஆன் வேலை பார்த்த வீட்டிலேயே பையனுக்கு ஆசிரியனாகச் சேர்ந்தான். 1845-இல் அவ்வீட்டு எஜமானியோடு தகாத உறவு என்ற பழியோடு விரட்டப்பட்டான். அதன்பின் குடி, அபின், கடன்.

அவனைக் கெட்டவன் என்று தள்ளிவிட்டு மேலே போவது எளிது. என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்காள் பத்தாம் வகுப்போடு நின்று பின்னலாடைக் கம்பெனிக்குப் போகிறார். என் தேர்வுக் கட்டணம் அவர் கையிலிருந்து வருகிறது. ஒரு வீடு முழுவதும் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன பாரம் என்பது எனக்குச் சற்றுத் தெரியும். பிரான்வெல்லுக்குத் தேவைக்கு மேல் நம்பிக்கை கிடைத்தது. தன் குறையைத் திருத்தும் கட்டாயம் கிடைக்கவில்லை. சகோதரியருக்கு அந்தக் கட்டாயம் ஒவ்வொரு வேலையிலும் கிடைத்தது. அவர்கள் எழுதிய நாவல்களில் வேலைக்காரியின் கண்ணும் சம்பளம் வாங்குபவளின் கண்ணும் இருப்பது அதனால்தான் என்பது என் எண்ணம். ஆனின் ‘ஆக்னஸ் கிரே’யில், சித்திரவதை செய்வதற்காகப் பறவைக் குஞ்சுகளைக் கொண்டுவருகிறான் எஜமானர் வீட்டுப் பையன். ஆசிரியை வேறு வழியின்றிக் கல்லைப் போட்டு அவற்றை உடனே கொன்றுவிடுகிறாள். அந்த வீடுகளில் சோறு தின்றவரால் மட்டுமே எழுதக்கூடிய காட்சி அது.

பெரியம்மாவின் பணம்

பள்ளி தொடங்கினால் பிறர் வீட்டில் அடிமைப்பட வேண்டாம் என்று சகோதரியர் திட்டமிட்டனர். அதற்குப் பிரெஞ்சு வேண்டும். பெரியம்மா பணம் கொடுக்க, 1842-இல் சார்லட்டும் எமிலியும் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஹேகர் என்பவர் வீட்டுப் பள்ளியில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் பெரியம்மா இறந்தார். அவர் தம் சேமிப்பைப் பெண்களுக்கே எழுதி வைத்தார், பிரான்வெல்லுக்கு இல்லை. ஆளுக்கு ஏறத்தாழ 300 பவுன். சார்லட் மீண்டும் பிரஸ்ஸல்ஸ் சென்று, மணமான தம் ஆசிரியர் ஹேகர்மீது சொல்ல முடியாத அன்பு கொண்டு, நொந்து திரும்பினார். அதைப் பின்னாளில் ‘வில்லெட்’ நாவலாக்கினார். 1844-இல் ஹாவர்த் பள்ளிக்கு ஆண்டுக்கு 35 பவுன் கட்டணம் என்று விளம்பரத்தாள் அச்சடித்தார்கள். ஒரு மாணவி கூட வரவில்லை.

1845 இலையுதிர்காலத்தில் சார்லட் தற்செயலாக எமிலியின் கவிதை நோட்டு ஒன்றைக் கண்டு படித்துவிட்டார். எமிலிக்கு வந்த கோபம் தணியப் பல மணி நேரம் ஆயிற்று. அச்சிடலாம் என்று இணங்க வைக்கப் பல நாட்கள் ஆயின. மூவர் கவிதைகளையும் சேர்த்து, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களில் 1846 மே மாதம் வெளியிட்டார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர்கள்; முதலெழுத்து மட்டும் அவரவருடையது. பதிப்பகத்தாருக்கு 31 பவுன் 10 ஷில்லிங் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. பெரியம்மா விட்டுச்சென்ற பணம் அதற்கு உதவியது. ஓராண்டில் விற்றவை எத்தனை தெரியுமா? இரண்டு. இருநூறு அன்று, இரண்டே இரண்டு படிகள்! மீந்தவற்றில் சிலவற்றை டென்னிசன், டி குவின்சி முதலியோருக்கு அன்பளிப்பாக அனுப்பினர். இதற்கிடையே மூவரும் நாவலும் எழுதினர்.

இரவு ஒன்பது மணிக்குத் தந்தை படிக்கட்டில் உள்ள கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு உறங்கப் போவார். அதன்பின் மூவரும் உணவு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே எழுதியதைப் பேசுவார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர் குறை சொல்வார். அழகற்ற பெண்ணும் கதைத்தலைவி ஆகலாம் என்று சார்லட் வாதிட்டது இங்கேதான் என்பர். சிறுவயதில் பொம்மைகளோடு தொடங்கிய அதே பழக்கம். நாலாமவன் மட்டும் அந்தச் சுற்றில் இல்லை.

1846 ஆகஸ்டில் தந்தைக்குக் கண்புரை அறுவை மான்செஸ்டரில் நடந்தது. சார்லட் உடன் சென்றார். மயக்க மருந்து இல்லாமலே அறுத்தார்கள். வேதியியல் மாணவனுக்கு இங்கே ஒரு வருத்தம்: பாஸ்டன் நகரில் ஈத்தர் கொடுத்து வலியின்றி அறுவை செய்து காட்டியது அதே ஆண்டு அக்டோபரில்தான். இரண்டு மாதம் முந்திவிட்டது. அந்த நாளிலேயே சார்லட்டின் முதல் நாவல் ‘தி புரொஃபசர்’ பதிப்பாளரிடமிருந்து திரும்பி வந்தது. இருட்டறையில் தந்தை கட்டுப்போட்டுப் படுத்திருக்க, சார்லட் ‘ஜேன் அயர்’ எழுதத் தொடங்கினார்.

ஸ்மித் எல்டர் பதிப்பகம் அதை 100 பவுனுக்கு வாங்கியது. தொடர்ந்து வந்த பதிப்புகளால் மொத்தம் 500 பவுன் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுக் கவர்னஸ் சம்பளம்! சொத்தில்லாத, உறவில்லாத ஓர் ஆசிரியை தன் எஜமானரிடம் நேருக்குநேர் நின்று, என் உள்ளமும் உம்முடையதற்குச் சமம் என்று பேசும் நாவல் அது. கதையில் ஒரு குருவானவர் இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வரத் துணைவியாக ஜேனை அழைக்கிறார். அவள் இந்துஸ்தானி மொழிகூடக் கற்கிறாள். நல்ல வேளை, வரவில்லை. எமிலியும் ஆனும் தம் இரு நாவல்களுக்காக நியூபி என்னும் பதிப்பாளருக்கு 50 பவுன் கட்டினார்கள். அவர் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை.

‘வுதரிங் ஹைட்ஸ்’ படிக்க எளிதன்று. தெருவில் கிடந்த அநாதைப் பையன் ஒரு வீட்டுக்குள் வந்து, அவமானப்பட்டு, பணத்தோடு திரும்பி, இரண்டு குடும்பங்களையும் நிலத்தோடு விழுங்குகிறான். கதையை வேலைக்காரி சொல்ல, புதிதாக வந்த குடித்தனக்காரன் கேட்கிறான். காதல் கதை என்பார்கள். அடமானமும் பத்திரமும் அதில் பாதி. பெரியம்மாவின் பணத்தை இரயில்வே பங்குகளில் போட்டுக் கணக்குப் பார்த்தவர் எமிலிதான் என்பதை அறிந்தபின் எனக்கு வியப்பில்லை.

என் மதிப்பு ஆனுக்கே கூடுதல். அவருடைய இரண்டாம் நாவல் ‘வைல்ட்ஃபெல் ஹால் குடியிருப்பாள்’ (1848) குடிகாரக் கணவனை விட்டு மகனோடு ஓடி, பெயரை மறைத்து, படம் வரைந்து விற்றுப் பிழைக்கும் பெண்ணின் கதை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவி ஈட்டிய காசு கணவனுடையது. 1870-இல்தான் அது மாறத் தொடங்கியது. பிரான்வெல் குடித்துக் கிடந்த வீட்டிலேயே அமர்ந்து ஆன் இதை எழுதினார். ஆன் இறந்தபின் இந்நூலை மறுபதிப்புச் செய்யச் சார்லட் சம்மதிக்கவில்லை. அக்காள் செய்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பெயரும் ஒருவரே என்று நியூபி வதந்தி கிளப்பியதால், 1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் இடி மழையில் கீத்லி வரை நடந்து, இரவு இரயிலேறி லண்டன் சென்றார்கள். ஸ்மித் எல்டர் அலுவலகத்தில், ஜார்ஜ் ஸ்மித் கரர் பெல்லுக்கு எழுதிய கடிதத்தையே அவர் கையில் கொடுத்தார் சார்லட். இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார் அவர்! எதிரில் நின்ற உருவத்தில் சிறிய, நாட்டுப்புற உடை அணிந்த பெண்ணே லண்டன் முழுதும் பேசும் ஆசிரியர் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

எட்டு மாதங்கள்

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1848 செப்டம்பர் 24 பிரான்வெல் இறந்தான், வயது முப்பத்தொன்று. சகோதரியர் நூல் வெளியிட்டதையே அவன் அறியவில்லை என்று சார்லட் எழுதியிருக்கிறார். டிசம்பர் 19 எமிலி, வயது முப்பது. மருத்துவரைக் கடைசிவரை அருகே விடவில்லை. 1849 மே 28 ஆன், கடற்காற்று தேடிச் சென்ற ஸ்கார்பரோவில், வயது இருபத்தொன்பது. சகோதரியர் இருவருக்கும் காசநோய். அதன் கிருமியைக் காக் கண்டறிய இன்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தன. எட்டு மாதத்தில் மூவர் போயினர்.

அதன்பின்னும் இரவு ஒன்பது மணிக்கு மேல் சார்லட் அந்த மேசையைச் சுற்றித் தனியே நடந்தார். மாடியிலிருந்து கேட்ட அந்தக் காலடி ஓசையைப் பற்றி, பணிப்பெண் மார்த்தா பின்னர் கேஸ்கல் அம்மையாரிடம் சொல்லியிருக்கிறார். ‘ஷர்லி’ (1849) அப்படித் தனியே நடந்து எழுதி முடித்தது, ‘வில்லெட்’ (1853) அப்படித் தனியே நடந்து எழுதியது. 1854 ஜூனில் தந்தையின் உதவிக் குருவானவர் ஆர்தர் நிக்கல்சை மணந்தார். 1855 மார்ச் 31 அன்று, கருவுற்றிருந்த நிலையில் என்றே கருதப்படுகிறது, இறந்தார், வயது முப்பத்தெட்டு. கேஸ்கல் அம்மையார் எழுதிய அவர் வரலாறு 1857-இல் வந்தது.

தந்தை ஆறு பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு எண்பத்துநான்கு வயது வரை இருந்தார். சார்லட்டின் கையெழுத்து வேண்டுமென்று ஊரூராக ரசிகர்கள் எழுதினார்கள். அவர் மகளின் கடிதங்களைக் கத்தரித்துத் துண்டு துண்டாக அனுப்பி வைத்தார். 1861 ஜூன் 7 அன்று இறந்தார். அடுத்த குருவானவர் பதவி மருமகன் நிக்கல்சுக்குக் கிடைக்கும் என்று பலரும் நினைத்தனர்; ஊர்ப் பொறுப்பாளர்கள் வேறொருவருக்குக் கொடுத்தனர். வீடு பதவிக்குரியது அல்லவா? அக்டோபரில் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. நிக்கல்ஸ் சில கையெழுத்துப் படிகளையும் பிரான்வெல் தீட்டிய ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு அயர்லாந்து திரும்பினார்.

மூன்று சகோதரியரும் நிற்கும் அந்தப் படம் 1914-இல் ஒரு அலமாரியின் மேல் மடித்துக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. இன்று லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு தூண். பிரான்வெல் அங்கே முதலில் தன்னை வரைந்து, பிறகு அதன்மேல் தூணைத் தீட்டி மறைத்திருக்கிறான். எண்ணெய் வண்ணத்தின் மேற்பூச்சு நாளாக ஆக ஒளி ஊடுருவும் தன்மை பெற்று அடியில் உள்ளது தெரியத் தொடங்கும். கரிம வேதியியல் படித்தோர் காரணத்தை அறிவர். தூணுக்குள் இப்போது அவன் தலை மங்கலாகத் தெரிகிறது.